நூரிஸுக்கு ஒரு டிரம் நல்ல தண்ணீர்

எடில்மாவுக்குப் பொறாமை என்பது பசி, தூக்கம் மாதிரி. வேளாவேளைக்கு வந்துவிடும். கல்யாணமான புதிதில், ரேடியோவில் கடல் நிலவரம் சொல்லும் பெண்ணின் குரலைப் புருஷன் ரெம்பேர்தோ கொஞ்சம் தலை சாய்த்துக் கேட்டுவிட்டான். அன்றைக்கே ரேடியோவின் பேட்டரி கடலுக்குப் போய்விட்டது. பள்ளிக்கூடத்து டீச்சர் அவனைப் பார்த்துச் சிரித்தாள் என்பதற்காக டீச்சருக்கு ஒரு மாதம் மீன் விற்கவில்லை. தீவே கேலி செய்தது. அவளுக்கு வெட்கமாவது மண்ணாவது! "ஆமா, எரியுது. என் புருஷன், என் வயிறு. உங்களுக்கென்ன?" என்பாள்.

அப்பேர்ப்பட்டவளின் புருஷன், முன்பக்கத்தில் 'நூரிஸ்' என்று ஒரு முழ உயரத்துக்குப் பெயர் எழுதிய படகை வாங்கிக்கொண்டு வந்து நின்றால் என்ன ஆகும்?

யாரோ ஒரு நூரிஸ் என்றால்கூடப் போகட்டும் என்று விடலாம். இவள் எதிர்க்கரை ரின்கோனில் இருக்கும் அதே நூரிஸ். எடில்மாவுக்கு முன்னால், இரண்டு திருவிழாவில் ரெம்பேர்தோ விடிய விடியக் கைகோர்த்து ஆடினானே, அந்த நூரிஸ். பிறகு அவள் அர்னுல்ஃபோவைக் கட்டிக்கொண்டாள். அவன் படகு வாங்கிப் பெண்டாட்டி பெயரை எழுதினான். போன வருஷம் காய்ச்சலில் செத்தும் போனான். இப்போது விதவை படகை விற்கிறாள், வாங்கியவன் ரெம்பேர்தோ.

கரையில் கூட்டம் கூடிவிட்டது. பச்சையும் வெள்ளையுமாய்ப் புதுப் பெயிண்ட் வெயிலில் மினுங்கியது. பக்கத்து வீட்டு தோமாசா சும்மா இருப்பாளா?

"அடியே எடில்மா, உன் சக்களத்தி மேக்கப் போட்டுக்கிட்டு வந்து நிக்கிறா பாரு!"

எடில்மா இடுப்பில் கை வைத்தாள். "பேரை அழி."

"படகுப் பேரை அழிக்கக் கூடாதுன்னு உனக்குத் தெரியாதா? கடல் கோவிச்சுக்கும்," என்றான் ரெம்பேர்தோ.

"நான் கோவிச்சுக்கிட்டா பரவாயில்லையா?"

"கறுப்பி, இது படகு. பொம்பள இல்ல. அக்கரைத் தோலூ ஊர்லேர்ந்து டூரிஸ்ட்டுங்கள ஏத்திக்கிட்டு வந்தா நாலு காசு பார்க்கலாம். இத்தன வருஷமா அடுத்தவன் படகுல கூலிக்கு ஓட்டினேனே, அது போதாதா?"

போதும்தான். அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் அன்று ராத்திரி அவன் தூக்கத்தில் புன்னகை செய்தபோது முழங்கையால் ஒரு இடி இடித்தாள்.

அதையாவது பொறுத்துக்கொண்டிருப்பாள். தண்ணீர் விஷயம்தான் அவளால் முடியவில்லை.

கோடை வந்துவிட்டால் தீவில் நல்ல தண்ணீர் என்பது தங்கம். வீட்டு மழைநீர்த் தொட்டி வற்றினால் அக்கரையிலிருந்து படகில் வர வேண்டும், அதற்கும் முறை வைத்துச் சண்டை. தொட்டிச் சாவி எடில்மாவின் கழுத்துக் கயிற்றில் தொங்கும். குடிக்க இவ்வளவு, சமைக்க இவ்வளவு என்று அவள் அளந்து கொடுப்பாள். பாத்திரம் கழுவுவது கடல் தண்ணீரில். அவளுடைய குளியலுக்கு அரை வாளி.

படகின் எஞ்சினுக்கோ டிரம் நிறைய நல்ல தண்ணீர். உப்புக் கடலில் நாளெல்லாம் ஓடிவிட்டு வந்த எஞ்சினைச் சாயங்காலம் டிரம்மில் முக்கி ஓடவிட்டு, உள்ளே தங்கிய உப்பைக் கழுவ வேண்டும். எல்லாப் படகுக்காரனும் அப்பப்போ செய்வதுதான். ரெம்பேர்தோ ஒரு நாள் தவறவில்லை. டிரம்மை நிரப்பி வைப்பது எடில்மாவின் வேலை. அவன் எஞ்சினுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, துணியால் அதன் கழுத்தைத் துடைத்துக்கொண்டே, "குடிம்மா, நல்லா குடி" என்று கொஞ்சுவான்.

எடில்மா அடுப்படியில் நின்று பார்ப்பாள். தேங்காய்ச் சோறு அடிப்பிடித்து நாறும்.

'எனக்கு அரை வாளி. அவளுக்கு ஒரு டிரம். இருபது வருஷமா இந்தக் கழுத்தை இப்படித் துடைச்சானா?'

படகு வந்த இரண்டாவது வாரம் ஒரு காலையில், அவன் கிளம்பிப் போனதும், வாளியை எடுத்துக்கொண்டு தொட்டிப் பக்கம் போகாமல் நேரே கடலுக்குப் போனாள். டிரம் நிரம்பியது. பார்த்தால் எந்தத் தண்ணீர் என்று யாரால் சொல்ல முடியும்? சாயங்காலம் அவன் அதே டிரம்மில் எஞ்சினை இறக்கி, அதே கொஞ்சலைக் கொஞ்சினான். எடில்மாவுக்கு அப்படியொரு நிம்மதி! அன்று முழு வாளியில் குளித்தாள். மறுநாளும் கடல் தண்ணீர்தான், அதற்கு மறுநாளும்.

கார்னிவல் திருவிழா நெருங்கிய சமயம் அது நடந்தது. எஞ்சின் ஒழுங்காக ஓடினால் அதன் பக்கவாட்டிலிருந்து ஒரு தாரை தண்ணீர் பீச்சிக்கொண்டே இருக்கும். அந்தத் தாரை சில நாளாக நூலாய் மெலிந்துகொண்டு வந்தது. அன்றைக்கு நடுக்கடலில், படகு நிறைய டூரிஸ்ட்டுகளோடு வரும்போது, அது நின்றே போயிற்று. புகை வந்தது. எஞ்சின் ஒரு முறை இருமிவிட்டுச் செத்தது. நிற்கும் படகில் காலடியில் வேறு தண்ணீர் ஏறியது. வேறொருவன் படகில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்து சேர்த்தார்கள்.

"ஐயோ, நூரிஸுக்கு மூச்சு வாங்குது! விசிறி கொண்டாங்கடா!" என்று கத்தினாள் தோமாசா. கரையே சிரித்தது.

'ஒழிஞ்சாடா சாமி' என்றுதான் எடில்மாவுக்கு முதலில் தோன்றியது. அப்புறம் ரெம்பேர்தோ தலையைக் குனிந்துகொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நடந்து வந்ததைப் பார்த்தாள். உப்பு. தான் ஊற்றிய உப்பு. அந்தப் படகு நடுக்கடலில் மூழ்கியிருந்தால்?

மெக்கானிக் ப்ளீனியோ வந்து எஞ்சின் மூடியைத் திறந்தார். எடில்மா கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். அவர் கத்தியால் பெயிண்டைச் சுரண்டினார். பெயிண்டுக்குக் கீழே உலோகம் கொப்புளம் கொப்புளமாய்ப் பொரிந்து, வெள்ளைப் பொடியாய் உதிர்ந்தது. தண்ணீர் ஓடும் வழியெல்லாம் உப்பு இறுகி அடைத்திருந்தது. இன்னும் கொஞ்சம் சுரண்டினால் ஓட்டை. எஞ்சின் தொங்கும் பின்பலகை ஊறிப்போயிருந்தது, கத்தி வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. ஆணித் துளைகளில் எதையோ அடைத்திருந்தார்கள். ப்ளீனியோ தண்ணீர் விட்டுத் தேய்த்ததும் நுரை பொங்கியது.

"சோப்பு! துணி சோப்பை அடைச்சு மேல பெயிண்ட் அடிச்சிருக்கான் மகராசன்."

"இந்த அரிப்பு... இப்ப வந்ததா?" எடில்மா மெல்லக் கேட்டாள்.

"இப்பவா? இது வருஷக்கணக்கா அரிச்சதும்மா. வாங்கும்போதே இது இப்படித்தான் இருந்திருக்கு."

அடடா! அந்த நிமிஷம் எடில்மாவுக்கு ப்ளீனியோவின் எண்ணெய்க் கையைப் பிடித்து முத்தம் கொடுக்கலாம் போலிருந்தது. தான் காரணமில்லை! அவள்தான், அந்த ஆட்டக்காரிதான்! போன உயிர் திரும்பி வந்தது, தனியாக வரவில்லை, நாக்கையும் கூட்டிக்கொண்டு வந்தது.

"கேட்டியா? உன் நூரிஸ் உனக்கு மொட்டை போட்டுட்டா! போ, போய் அவ கொண்டையைப் பிடிச்சுக் கேளு!"

ரெம்பேர்தோ நிமிரவில்லை. "விடு கறுப்பி."

"விடறதா? இன்னமுமா அவ மேல அவ்வளவு பரிவு?"

"விடுன்னு சொன்னேன்ல."

அவன் போகாவிட்டால் என்ன, எடில்மாவுக்குக் கால் இல்லையா? மறுநாள் மஞ்சள் கவுனை எடுத்துப் போட்டாள். உதட்டுச் சாயம் பூசினாள். சண்டைக்குப் போகிறவளுக்குச் சாயம் எதற்கு என்று தோமாசா கேட்டாள். ரின்கோன் போகும் படகில் ஏறி உட்கார்ந்து, கேட்க வேண்டியதையெல்லாம் வழி நெடுக உருப்போட்டாள்.

நூரிஸ் வீட்டு வாசலில் தேங்காய் மிட்டாய் கிண்டிக்கொண்டிருந்தாள். அழுக்குத் துணி, வியர்வை, கட்டாத தலை. அப்படியிருந்தும் அழகாய்த்தான் இருந்தாள், பாழாய்ப் போனவள்!

"நீ எடில்மாதானே? வா, உக்காரு."

"உக்கார வரல. என் புருஷன் தலையில அழுகின எஞ்சினைக் கட்டி, ஓட்டையில சோப்பை அடைச்சு வித்தியே, உனக்கு மனசாட்சி இருக்கா?"

நூரிஸ் கரண்டியை நிறுத்தினாள். "ஏமாத்தினேன்னு அவனா சொன்னான்?"

"அவன் எங்க சொல்வான்? உன் பேரைச் சொன்னாலே வாயைத் தைச்சுக்கறான்."

"கேளு. நானே மூடியைத் திறந்து காட்டினேன். 'வேணாம்டா, இது செத்த எஞ்சின்'னு சொன்னேன். கேட்டானா? அவன் கையில இருந்த பணத்துக்கு வேற எதுவும் கிடைக்கல. சோப்பை அடைச்சது யாருன்னு நெனைக்கிற? இதே வாசல்ல உக்காந்து அவன்தான் அடைச்சான். 'நம்ம ஆளுங்க சிரிப்பாங்க, வீட்டுல தெரிஞ்சா நான் கரை திரும்பற வரைக்கும் அவ தூங்க மாட்டா'ன்னு, என்கிட்டயே பெயிண்ட் வாங்கி அடிச்சான்."

"அவனா?" என்றாள் எடில்மா.

"எங்க ஊர் மெக்கானிக் பார்த்துட்டு ஒண்ணு சொன்னார்," நூரிஸ் தொடர்ந்தாள். "'தினமும் நல்ல தண்ணியில கழுவினா மழைக்காலம் வரைக்கும் ஓடும். உப்புத் தங்கினா அவ்வளவுதான்'னார். 'உங்க தீவுல குடிக்கவே தண்ணி இல்ல, எஞ்சினுக்கு எங்கடா போவ?'ன்னு நான் கேட்டேன். சிரிச்சான். 'தொட்டிச் சாவி எடில்மா கழுத்துல இருக்கு. திட்டுவா, பல்லைக் கடிப்பா, ஆனா என் பொழப்புக்குத் தண்ணி இல்லேன்னு ஒரு நாளும் சொல்ல மாட்டா'ன்னான். அந்த நம்பிக்கையிலதான் வாங்கினான். சாயங்காலம் வரைக்கும் எடில்மா, எடில்மா, எடில்மா. எனக்குக் காது புளிச்சுப் போச்சு."

அடுப்பில் மிட்டாய் தீய ஆரம்பித்தது. நூரிஸ் கவனிக்கவில்லை.

"உண்மையச் சொல்லட்டுமா? எனக்கு எரிஞ்சுதுடி. என் புருஷன் என் பேரைப் படகு மேல எழுதினான். வாயால இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்ல."

எடில்மா அப்போதுதான் உட்கார்ந்தாள். வாழ்க்கை முழுக்க யார் யாரைப் பார்த்தோ எரிந்தவளைப் பார்த்து இன்னொருத்தி எரிந்திருக்கிறாள். இருந்தும் அதில் ஒரு சொட்டு சந்தோஷப்பட முடியவில்லை. அவன் எந்தத் தண்ணீரை நம்பிப் படகு வாங்கினானோ அந்தத் தண்ணீரை அவள் கொடுக்கவில்லை.

தீவுக்குத் திரும்பியபோது ரெம்பேர்தோ கழற்றிய எஞ்சினைப் பலா மரக்கட்டை மேல் வைத்து வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தான். மஞ்சள் கவுனைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது.

"ரின்கோனுக்கா போன?"

"டிரம்முல இருந்தது கடல் தண்ணி," என்றாள். சுற்றி வளைத்தால் சொல்ல முடியாமல் போய்விடும் என்று பயந்தாள். "ரெண்டாவது வாரத்துலேர்ந்து நான்தான் ஊத்தினேன். நீ அவளைக் கொஞ்சினது பொறுக்கல."

அவன் டிரம்மில் கையை விட்டு நாக்கில் வைத்தான். துப்பினான். அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டான்.

"மழை வரைக்கும் ஓடியிருக்கும் கறுப்பி. அதுக்குள்ள நல்ல எஞ்சின் ஒண்ணு வாங்கக் காசு சேத்திருப்பேன்."

திட்டியிருந்தால் அவளும் திட்டியிருப்பாள். அவன் திட்டவில்லை. நாளைக்கு மறுபடியும் அடுத்தவன் படகில் கூலிக்குப் போக வேண்டியவன், தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எடில்மா வாய்விட்டு அழுதாள். பிறகு கழுத்துச் சாவியை எடுத்துத் தொட்டியைத் திறந்து, வாளி நிறைய நல்ல தண்ணீர் கொண்டு வந்து எஞ்சின் மேல் ஊற்றினாள்.

"செத்ததுக்கு எதுக்குடி இப்ப?"

"இருக்கட்டும். குடுக்க வேண்டியதுதானே. மீன் வைக்கிற என் ஐஸ்பெட்டியை வித்துடறேன். வேற எஞ்சின் பாரு. பேரும் அப்படியே இருக்கட்டும்."

வாளிக்கு மேல் வாளியாக அவள் ஊற்றினாள். அவன் துணியை எடுத்து உப்பைத் துடைத்தான்.

கடைசியில் அவன்தான் கேட்டான். "நூரிஸ் எப்படி இருக்கா?"

எடில்மா வாளியைக் கீழே வைத்தாள். கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"பாவம், முன்பல்லு ரெண்டு விழுந்துடுச்சு. பார்க்கச் சகிக்கல," என்று சொல்லிவிட்டு, இன்னொரு வாளி கொண்டுவரத் தொட்டிக்குப் போனாள்.