கோல்டு கார்டு பர்மனென்டா, கான்ட்ராக்டா?

டிராவல் டெஸ்கில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். ஓசி ரூம், ஓசி டிக்கெட் என்று எவன் விளம்பரம் கொடுத்தாலும், கீழே பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். நான் படிக்காமல் அசிங்கப்பட்டேன்.

நெய்வேலியில் கன்வேயர் பெல்ட் சர்வீஸ் பண்ணும் ஒரு சின்ன கம்பெனியில் இருபது வருஷமாக டிக்கெட் போடுவது என் வேலை. எங்கள் சூப்பர்வைசர் காசிநாதன் பெல்ட் ஜாயின்ட் போடுவதில் கில்லாடி. ராஜஸ்தான், ஒடிசா என்று எந்த மைன்ஸில் பெல்ட் அறுந்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். மாதத்தில் பாதி நாள் வெளியூர்.

ஒரு நாள் பர்ஸைத் திறந்து என் டேபிளில் கொட்டினார். அடிக்கடி வருகிறவர்களுக்குக் கொடுக்கும் மெம்பர் கார்டு ஏழெட்டு. ஒவ்வொரு ஏர்லைன்ஸிலும் கொஞ்சம் பாயின்ட், ஒவ்வொரு ஹோட்டலிலும் கொஞ்சம் பாயின்ட். எதை வைத்தும் ஒரு டீ கூட வாங்க முடியாது.

"எது நல்லதுன்னு நீங்களே சொல்லுங்க மேடம்."

"சென்னையிலேருந்து நீங்க அடிக்கடி ஏறுற ஃப்ளைட் எதுவோ, அதை வச்சுக்குங்க. இறங்குற ஊர்லயெல்லாம் எந்த ஹோட்டல் இருக்கோ, அதை வச்சுக்குங்க. மத்ததைத் தூக்கிப் போடுங்க."

"இந்த இன்னொரு ஹோட்டல்ல பொங்கல் நல்லா இருக்குங்க."

"பொங்கலுக்கெல்லாம் பாயின்ட் கிடையாது சார்."

ஒரு ஏர்லைன்ஸ், ஒரு ஹோட்டல் என்று முடிவானது. அடுத்த வருஷமே ஹோட்டல்காரன் அவரை கோல்டு மெம்பர் ஆக்கினான். மனுஷன் ஆபீஸ் முழுக்க மைசூர்பாகு கொடுத்தார்.

"வேலைக்கு வந்த நாளா நான் கான்ட்ராக்ட்தான் மேடம். ஒரு இடத்துலயும் பர்மனென்ட் ஆவல. இப்பத்தான் ஒருத்தன் பண்ணியிருக்கான்."

கோல்டு ஒரு வருஷத்துக்குத்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அது முதல் தப்பு.

டிசம்பரில் மெயில் வந்தது. இந்த மாதத்துக்குள் இன்னும் ரெண்டு நைட் தங்காவிட்டால் சில்வருக்கு இறக்கிவிடுவோம் என்று. காசிநாதன் கொதித்துவிட்டார். பர்மனென்ட் ஆனவனை எப்படி இறக்குவான் என்று கஸ்டமர் கேருக்கு மனு எழுதினார். 'ஐயா, எனது பணிமூப்பைக் கருத்தில் கொண்டு' என்று ஆரம்பித்து, யார் யாருக்கு நகல் என்ற பட்டியலோடு முடித்திருந்தார். தலையில் அடித்துக்கொண்டு அதை இங்கிலீஷில் அடித்து அனுப்பினேன். ரெண்டு நைட் தங்குங்கள் என்று அன்பாகப் பதில் வந்தது.

அந்த மாதம் பார்த்து எந்த மைன்ஸிலும் பிரேக்டவுன் இல்லை. "ஒரு பெல்ட்டாவது அறுந்து தொலையக் கூடாதா" என்று புலம்பிக்கொண்டே திரிந்தார். கடைசியில் சொந்தக் காசில் பாண்டிச்சேரியில் இருக்கும் அதே ஹோட்டலில் ரெண்டு நைட் தங்குவது என்று முடிவு செய்தார். அவர் மனைவி தனலட்சுமி போனில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, சொந்த வூடு இருக்கச்சொல்ல ஓட்டல்ல போயி தூங்குற ஆளை எங்கியாவது பாத்திருக்கீங்களா? இவரு தனியா போனா ஊர்ல என்னா நினைப்பாங்க? நானும் போறேன்."

சொந்தக் காசாச்சே என்று பாசத்தில் ஒரு ஆஃபர் சைட்டில் தேடி, குறைந்த ரேட்டில் போட்டுக் கொடுத்தேன். கம்பெனி டிரிப்புக்கு எப்போதும் நேராக ஹோட்டலிலேயே புக் பண்ணுவேன். இது ஒன்றுதான் வெளி சைட்.

ஜனவரி முதல் வாரம் காசிநாதன் வந்து செல்லை நீட்டினார். சில்வர். வெளி சைட்டில் போட்ட நைட் கணக்கில் சேராதாம்.

"என் தப்பு சார்" என்றேன். அவர் திட்டியிருந்தால் தேவலை. "மறுபடியும் கான்ட்ராக்ட்டா" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் தனலட்சுமி போன் பண்ணினார். வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாரானேன்.

"கார்டு போனா போவுதும்மா. அங்க காலையில உக்காந்திருக்கேன், உங்களுக்கு தோசை எப்படி வேணும்னு ஒரு ஆளு வந்து கேட்டாரு. எனக்கு என்னா சொல்றதுன்னே தெரியல. கல்யாணமாயி இத்தினி வருசத்துல யாரும் என்னை அப்படிக் கேட்டதில்ல. எங்க வூட்டுக்காரரு கூட கேட்டதில்ல. அடுத்த டிசம்பர்லயும் ரெண்டு நைட் குறையிற மாதிரி பாத்துக்குங்கம்மா."

அதனால் சொல்கிறேன், ஊர் ஊராக அலைபவருக்கு கார்டு தேர்ந்தெடுக்கும்போது, வீட்டிலேயே இருப்பவரையும் ஒரு வார்த்தை கேளுங்கள். ஒரு கம்பெனி டிரிப்பை வெளி சைட்டில் போட்டு, போன டிசம்பரில் மூன்று நைட் குறையும்படி பார்த்துக்கொண்டேன்.