நான் வரும் நேரத்துச் சூடு

இன்று மாலை என் வீட்டில் ஹீட்டிங்கைப் போட்டதும் குழாய்கள் சூடேறி டக், டக் என்றன. சின்ன வயதில் நாங்கள் இருந்த நோர்பரி வீட்டில் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போதெல்லாம் இந்தச் சத்தம் கேட்கும். இரவு வேலை பார்த்த அப்பா பகலில் வீட்டிலிருப்பார். நாள் முழுதும் வீடு சூடாகவே இருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

ஒருநாள் காய்ச்சலோடு மத்தியானமே வந்தேன். வீடு குளிர்ந்து கிடந்தது. அப்பா கோட்டும் தொப்பியும் போட்டபடி படுத்திருந்தார்.

"ஏனப்பா ஹீட்டிங் போடேல்லை?"

"எனக்குக் குளிரேல்லை பிள்ளை. நீ வரேக்க போட்டால் காணும்."

எழுந்துபோய்ப் போட்டார். என் நெற்றியைத் தொட்ட கை விறைத்திருந்தது.

அப்பா ஹீட்டிங் காசை மிச்சம் பிடிக்கிறார் என்று அறிந்த பிறகும், பள்ளிக்கூடத்துப் பாரிஸ் பயணத்துக்கு நானும் போகவேண்டும் என்று அடம்பிடித்தேன். அப்பா "ஓம்" என்றார். அந்த மாரிக்குளிர் முழுதும் இருமினார். "பயணம் வேண்டாம் அப்பா" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.