இருப்பில் இல்லாத ரைப்ரைற்றர்

ஒவ்வொரு தை மாதமும் கணக்காளர்களாகிய எங்களைப் பிற அலுவலகங்களுக்கு அனுப்பிக் கதிரை எண்ண வைப்பார்கள். ஆண்டு இறுதிப் பொருட் கணக்கெடுப்பு என்பது அதன் பெயர். பதிவேட்டில் உள்ள ஒவ்வொரு பொருளும் இடத்தில் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். போட்டிப் பரீட்சை எழுதி, நேர்முகத் தேர்வுக்குப் போய், பதவி நிரந்தரமாவதற்கு இன்னொரு பரீட்சையும் எழுதி இந்தச் சேவைக்கு வந்தவன் நான். வந்து செய்ததோ, எலிப்புழுக்கை நாறும் களஞ்சிய அறைகளில் மூக்கைப் பொத்திக்கொண்டு, மூன்று கால் கதிரையும் ஒரு கதிரைதானா என்று வாதாடியது.

மூன்று கால் கதிரையும் ஒரு கதிரைதான். உடைந்ததை எறிய அனுமதி வேண்டும். அனுமதி கேட்டுக் கொழும்புக்குக் கடிதம் போனால் போனதுதான். அதனால் துருப்பிடித்த சைக்கிள்களும் உளுத்துப்போன அலுமாரிகளும் வருடா வருடம் எண்ணப்பட்டன. நல்ல நிலையில் உள்ளவை பெரும்பாலும் யாரோ ஒரு பெரிய அதிகாரி வீட்டில் இருந்தன.

இதில் எனக்கு மிகவும் குமட்டியது மதியச் சாப்பாடுதான். எண்ணப் போகும் அலுவலகத்தில் ஊழியர்கள் சேர்ந்து நண்டுக் கறியும் இறால் பொரியலும் சமைப்பித்து எங்களைக் கவனிப்பார்கள். கை கழுவிய ஈரம் காயுமுன் கையெழுத்துக் கேட்பார்கள். நான் ஏதோ பட்டினி கிடந்தவன் என்று சொல்ல வரவில்லை. நானும் நண்டுக் காலை உறிஞ்சியவன்தான்.

ஒரு வருடம் நான் தலைவராக இருந்த குழு ஒரு திணைக்களத்தின் கிளை அலுவலகத்துக்குப் போனது. களஞ்சியத்துக்குப் பொறுப்பாக உரும்பிராயிலிருந்து வரும் ஓர் அம்மா இருந்தார். ஓய்வு பெற இன்னும் ஆறு கிழமை, ஒன்றரை மாதம்தான். கணவர் இல்லை. மகளுக்குக் கலியாணம் பேசியிருந்தார்கள். இதையெல்லாம் தேநீர் கொண்டுவந்தவர் கேட்காமலே சொன்னார்.

பட்டியலில் தட்டச்சுப் பொறி என்ற தலைப்பில் ஒரு தமிழ் ரைப்ரைற்றர் இருந்தது. அம்மா அதை மேசைமேல் துணி விரித்து வைத்திருந்தார். அதன் வலப்பக்கக் குமிழ் உடைந்து, அந்த இடத்தில் ஒரு நூற்கட்டை செருகப்பட்டிருந்தது. அதே நூற்கட்டையை இரண்டு நாளுக்கு முன் கோப்பாய்ப் பக்கம் வேறோர் அலுவலகத்து ரைப்ரைற்றரில் பார்த்திருந்தேன். பக்கவாட்டில் எழுதியிருந்த இலக்கத்தைத் தொட்டுப் பார்த்தேன். வெள்ளைப் பெயின்ற் விரலில் ஒட்டியது.

"இது உங்கடை இல்லை," என்றேன்.

அம்மா கதவைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "ஓம் சேர். எங்கடை மெஷின் இடப்பெயர்விலை போட்டுது. நான் பொறுப்பெடுக்கேக்கையே அது இல்லை. கிடக்குது எண்டு சொன்னவை, நம்பிக் கையெழுத்து வைச்சிட்டன்."

"அப்பவே அறிவிச்சிருக்கலாமே?"

"பயந்திட்டன் சேர். எடுத்தது நான்தான் எண்டு வந்திடும். பிறகு ஒவ்வொரு வருஷமும் இரவல் வாங்கி வைச்சன். இனி ஆறு கிழமைதானே சேர்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யுத்தத்தில் ஊரோடு ஓடிய அந்த இடப்பெயர்வில் எத்தனை அலுவலகங்களின் கோவைகளும் தளபாடங்களும் போயின என்பது எனக்குத் தெரியும். யாரும் தட்டாத ஒரு பழைய இரும்பு அது என்பதும் தெரியும். ஆனாலும் விரலில் ஒட்டிய பெயின்ற் என்னை முட்டாளாக்கப் பார்த்ததாக நினைத்தேன். "இருப்பில் இல்லை. பிறிதோர் அலுவலகத்தின் பொருள் காண்பிக்கப்பட்டது" என்று எழுதினேன். எழுதும்போது நேர்மையானவன் என்ற பெருமிதமும் இருந்தது. அதை மறைக்கப் போவதில்லை.

மதியம் அந்த அலுவலகத்தின் பணிப்பாளர் தன் அறையில் எங்களைச் சாப்பிட வைத்தார். நண்டு ஓட்டைப் பல்லால் கடித்து உடைத்தபடி பட்டியலின் கடைசிப் பக்கத்தைப் பற்றிக் கதைத்தார். குளிர்சாதனப் பெட்டி ஒன்று, சோபா ஒரு செற், ஜெனறேற்றர் ஒன்று. எதுவும் அலுவலகத்தில் இல்லை.

"அதுகள் நல்லூரிலை, என்ரை வீட்டிலை நிக்குது. உத்தியோக அலுவலுக்குத்தான். பாவனையில் எண்டு போட்டுவிடுங்கோ, தம்பி."

"வந்து ஒருக்காப் பாக்க வேணும் சேர்," என்றேன். குரல் அவ்வளவு உரமாக வரவில்லை.

அவர் சிரித்தார். "வாங்கோவன், ஆர் வேண்டாமெண்டது? அதுசரி, உங்களை வவுனியாவுக்கு மாத்தியிருக்காமே. உங்கடை மேன்முறையீடு எங்கடை இடமாற்றக் குழுவுக்குத்தான் வந்திருக்கு. பாப்பம்."

கரவெட்டியில் வீடு, வவுனியாவிலிருந்து நாளாந்தம் வந்துபோக முடியாத தூரம். அப்பா படுக்கையில். காரணங்கள் எல்லாருக்கும் இருக்கின்றன, எனக்கும் இருந்தன. கை கழுவிவிட்டு வந்து மூன்று பொருளுக்கும் நேரே "பாவனையில் உள்ளது" என்று எழுதினேன். காலையில் எழுதிய அதே பேனாதான். குழுவில் மற்ற இருவரும் நான் எழுதியதற்குக் கீழே கையெழுத்து வைத்தார்கள்.

ரைப்ரைற்றருக்கு விசாரணை வந்தது. விசாரணை முடியும்வரை அம்மாவின் ஓய்வூதியம் நிறுத்தி வைக்கப்பட்டது. ஆறு கிழமையில் அவர் வீட்டுக்குப் போனார், சம்பளமும் இல்லாமல் ஓய்வூதியமும் இல்லாமல். விசாரணை அதிகாரி மூன்று முறை மாறினார். ஒருநாள் அம்மா என் அலுவலகத்துக்கு வந்து மேசைக்கு முன்னால் நின்றார். கதிரையில் இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை.

"விசாரணை எப்ப முடியும் சேர்? மாப்பிள்ளை வீட்டுக்காரர் கேக்கினம். நான் ஏதோ களவெடுத்துப் பிடிபட்டிட்டன் எண்டு ஆரோ சொல்லியிருக்கினம்."

"அது என்ரை கையிலை இல்லை, அம்மா," என்றேன்.

அது உண்மைதான். அவ்வளவு கேவலமான உண்மையை அதற்கு முன் நான் சொன்னதில்லை. அவர் தலையாட்டிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு பஸ்சுக்குப் போனார். அந்தக் கலியாணம் நடக்கவில்லை. ஓய்வூதியம் கிடைக்க ஒன்றரை வருடம் ஆனது.

அதற்கிடையில் என் இடமாற்றம் இரத்தாகிவிட்டது. மாவட்ட அலுவலகங்களின் வருட முடிவுக் கூட்டத்தில் அந்தப் பணிப்பாளர் எழுந்து என்னைச் சுட்டிக் காட்டினார். "ஒரு பழைய ரைப்ரைற்றரைக் கூட விடாத மனிசன் இவர். இப்பிடி நேர்மையான ஆக்கள்தான் எங்கடை சேவைக்கு வேணும்," என்றார். மண்டபம் சிரித்தது, பிறகு கை தட்டியது. பாராட்டுக் கடிதம் ஒன்றையும் கையில் தந்தார். அவர் கையில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தது. நானும் குலுக்கினேன்.

வீட்டுக்கு வந்து அந்தக் கடிதத்தைக் கிழிக்க எடுத்தேன். சத்தியமாக எடுத்தேன். அடுத்த தரத்துக்குப் பதவி உயர்வு கேட்டு விண்ணப்பித்தபோது அதன் பிரதியை முதலாவது இணைப்பாக வைத்தேன்.