கழிவறை வாசலில் கலாதேவி

மலேசியாவின் கமுந்திங் நகரக் கையுறைத் தொழிற்சாலையில், உடன் வேலை செய்த முத்தம்மாவின் விரலை நசுக்கிய இயந்திரத்தைப் பற்றிக் கலாதேவி தொழிலாளர் அலுவலகத்தில் புகார் கொடுத்தார். பதினேழு வருடம் நின்றே வேலை பார்த்தவருக்கு உடனே பரிசு கிடைத்தது: கழிவறை வாசலில் ஒரு நாற்காலி, வேலை கிடையாது. வெறுத்துப்போய் அவராகவே விலகட்டும் என்பது நிர்வாகத்தின் திட்டம்.

மூன்றாம் வாரம் சூப்பர்வைசர் பவித்ரன் ராஜினாமா கடிதத்தை டைப் செய்தே கொண்டுவந்தான்.

“சைன் போடுங்க லா, அக்கா. எதுக்கு இந்த நாத்தத்துல?”

“வேலை குடுக்கலன்னு நீ எழுதி சைன் போடு தம்பி. லேபர் ஆபீஸ்ல காட்டணும்.”

பவித்ரன் பேனாவைச் சட்டென்று பைக்குள் மறைத்தான். மறுநாள் நாற்காலியைக் காணோம்.

கலாதேவி தரையில் சப்பணமிட்டு அமர்ந்தார். முதல் நாளிலிருந்து நடந்ததையெல்லாம் குறித்துவந்த நோட்டில் தேதி போட்டு அதையும் எழுதி, கழிவறைக்கு வந்த பெண்களிடம் நீட்டினார். ஒவ்வொருத்தியும் சாட்சிக் கையெழுத்துப் போட்டாள். அன்றைக்கு நாற்பது பேருக்கு வயிறு சரியில்லை.