கிரேன் மாமாவுக்கு நாலு வார்த்தை

குடும்பத்தில் வாயாடி என்று பெயர் எடுத்தால் இதுதான் கதி. கிரேன் மாமா போய்ச் சேர்ந்த மறுநாளே, இரங்கல் கூட்டத்தில் பேசப்போவது அவள்தான் என்று எல்லோரும் கூடி முடிவுகட்டிவிட்டார்கள். சலூனில் நாளெல்லாம் கத்தரியோடு சேர்த்து நாக்கையும் ஓட்டுகிறவள். அவளை விட்டால் வேறு யார்?

பேசத்தான் ஒன்றும் இல்லை. மாமா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார், வீட்டுக்கு வந்தார், சாப்பிட்டார், தூங்கினார். ஆள் சரியான உம்மணாமூஞ்சி. ‘அன்பின் சிகரம், பண்பின் உறைவிடம்’ என்று எதையோ எழுதி, மாமாவின் மனைவியிடம் படித்துக்காட்டினாள்.

“யாருடி இது? எனக்குத் தெரிஞ்ச ஆளா?” என்றாள் அத்தை. “கட்டின நாள்லேர்ந்து ‘உம்’, ‘ம்ஹும்’ ரெண்டுதான் எங்கிட்ட பேசினார். இல்லாதத சொல்லி மெழுகாத. பொய்யின்னு பட்டா எழுந்து போயிடுவேன், ஆமா!”

சொன்னால் செய்கிறவள் அத்தை. ஊர் சிரிப்பது கிடக்கட்டும், புருஷனைப் பற்றி ஒரு உண்மையான வார்த்தைகூடக் கிடைக்காமல் அந்த மனுஷி வெறுங்கையோடு வீடு திரும்புவாளே என்பதுதான் அவள் கவலை.

நேரே துறைமுகத்துக்குப் போனாள். மாமாவுக்குக் கீழே நின்று கைஜாடை காட்டி வந்த சிக்னல்காரர் அனுமதி வாங்கி அவளை மேலே கூட்டிப்போனார். லிஃப்ட் பாதியோடு சரி. மிச்சம் இரும்பு ஏணி. மாமாவின் நாற்காலிக்கு முன்னால் தரையே கண்ணாடி. குனிந்து பார்த்தாள். அடேயப்பா! லாரிகள் தீப்பெட்டி அளவுக்குக் கிடந்தன, மனிதர்கள் புள்ளிகள். இங்கே உட்கார்ந்துதான் அந்த உம்மணாமூஞ்சி வீடு அளவு கன்டெய்னர் பெட்டிகளைத் தூக்கித் தூக்கி வைத்தது?

“போன மழைக்காலம், திடீர்னு காத்து,” என்றார் சிக்னல்காரர். “பெட்டி ரெண்டு அடுக்குக்கு நடுவுல தொங்குது. கீழ ஒருத்தனுக்குக் கம்பியில கால் மாட்டிக்கிச்சு. மேல தூக்கினா பெட்டி இடிச்சு அடுக்கு சரியும், இறக்கினா அவன் காலி. பெட்டி எந்தப் பக்கம் ஆடுதோ அந்தப் பக்கமே கிரேனயும் கூடக்கூட நகத்தி, ஆட்டத்த அடக்கிட்டாரும்மா! அவன் வெளிய வர்ற வரைக்கும் அப்படியே புடிச்சு நிறுத்தினார். அப்புறம் இறங்கி வந்து, டீ குடிச்சிட்டுப் போயிட்டார். ஒரு வார்த்தை பேசலை.”

கூட்டத்தில் அவள் காகிதமே எடுக்கவில்லை. பார்த்ததையும் கேட்டதையும் அப்படியே சொன்னாள். சொல்லச்சொல்ல அவளுக்கே வேகம் பிடித்தது. “அவ்வளவு காத்துலயும் மாமா கை ஒரு தடவகூட நடுங்கல!” என்று முடிக்கப்போனாள்.

முன்வரிசையில் அத்தை எழுந்தாள்.

போச்சு! மைக்கைக் கீழே இறக்கினாள். ஆனால் அத்தை வாசல் பக்கம் போகவில்லை. கூட்டத்துக்கு வந்திருந்த சிக்னல்காரரைப் பார்த்துத் திரும்பினாள்.

“எதிர்வீட்டுத் தகரமெல்லாம் பறந்துச்சே, அந்தக் காத்தா?”

“அதேதாம்மா.”

“அன்னிக்கு வந்ததும் வராததுமா என் கையப் புடிச்சாரு. அவரு கை உதறிக்கிட்டே இருந்துச்சு. காய்ச்சலான்னேன், ‘ம்ஹும்’னாரு. சோறு ஆறுது விடுங்கன்னு திட்டினேன். விடல. சரின்னு நானும் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன், அது நிக்கிற வரைக்கும்.”

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அத்தை உட்கார்ந்தாள்.

“மாத்திச் சொல்லுடி. அங்க நடுங்கல. எங்கிட்ட வந்துதான் நடுங்குச்சு.”