வடிகாலைப் பார்க்க வந்த பேராசிரியர்

எனக்குக் காத்திருக்கத் தெரியாது. பால் பொங்கும்வரைகூட அடுப்படியில் நிற்க மாட்டேன் என்று என் மனைவி சொல்லிக் காட்டுவாள். அப்படிப்பட்டவனிடம் போய் ஆள் பிடிக்கிற வேலையைக் கொடுத்தார் எங்கள் துணைவேந்தர்.

தஞ்சாவூருக்கு வெளியே, நாலு பக்கமும் நெல்வயல் சூழ்ந்த பல்கலைக்கழகம் எங்களுடையது. அங்கே டிரிட்டியம் ஆய்வகம் ஒன்று வரவேண்டும் என்பது இயற்பியல் துறைத் தலைவனான என்னுடைய பல வருஷத்து ஆசை. பணம் வந்தது, கட்டடமும் எழும்பியது, தலைமை தாங்கத்தான் ஆள் இல்லை. மாதக் கடைசிக்குள் ஆளைக் காட்டாவிட்டால் எல்லாம் வேறு மாநிலத்துக்குப் போய்விடும் என்று டெல்லியிலிருந்து சொல்லிவிட்டார்கள். வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு அலைந்தேன்.

என் மனசில் இருந்தவர் ஒரே ஒருவர்தான். திருவிடைமருதூர்ப் பக்கம், நடவு நட்டும் களை பறித்தும் பிழைத்த வீட்டுப் பெண். இப்போது வடக்கே பெரிய பேராசிரியர், வாழ்நாளில் பாதியை டிரிட்டியத்தோடு கழித்தவர். போன் மேல் போன் போட்டுக் கெஞ்சியபிறகு, "எடத்த ஒரு தடவ பாக்குறேன் சார், அப்புறம் பேசுவோம்" என்றார்.

வந்தார். சால்வை, காபி, வாழையிலைச் சாப்பாடு எல்லாம் தயார். நியமன உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு துணைவேந்தர் காத்திருந்தார். அந்த அம்மாவோ உட்காரவே இல்லை. கட்டடத்துக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நேரே பின்பக்கம் போய் நின்றார்.

"இந்த வடிகால் எங்க போவுது சார்?"

"வெளிய எங்கயாவது போவும் மேடம். சாப்பிட்டுட்டுப் பேசலாமே."

"வெளியன்னா?"

பதிலுக்கு நிற்காமல் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வரப்பில் இறங்கி நடந்தார். நானும் பாலிஷ் போட்ட ஷூவோடு பின்னால் ஓடினேன். சட்டைப்பையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. "எல போட்டாச்சு, எங்க சார் போனீங்க?" என்று துணைவேந்தர் கேட்டார். "தோ வந்துட்டோம்" என்று புளுகினேன். எரிச்சல் தலைக்கேறியது. உலகத்தில் எந்த விஞ்ஞானியாவது வேலைக்கு வந்த இடத்தில் சாக்கடையைப் பிடித்துக்கொண்டு போவாளா?

வடிகால் ஒரு மதகைத் தாண்டியதும் வாய்க்காலாகிவிட்டது. எங்கள் பக்கம் அப்படித்தான், மேல ஊர் வடிகாலில்தான் கீழ ஊருக்குப் பாசனம். சீர்காழிக்காரனான எனக்கு இது தெரியாத சங்கதி இல்லை. ஆனால் ஆய்வகம் கட்டும்போது நினைப்பு வரவில்லை.

நடவு வயலோரம் ஒருவர் சாப்பிட்டு முடித்துத் தூக்குவாளியைக் கழுவிக்கொண்டிருந்தார். நாங்கள் வியர்த்து வந்ததைப் பார்த்து, "வாங்க, மோர் சாப்புடுங்க" என்று லோட்டாவை அந்த வாய்க்காலிலேயே அலசி ஊற்றிக் கொடுத்தார். இருந்த தாகத்துக்கு மடமடவென்று குடித்தேன். பேராசிரியரும் குடித்தார். கொஞ்ச தூரம் வந்ததும் மெதுவாகக் கேட்டார்:

"லேப் ஓட ஆரம்பிச்சப்பறம் இதே லோட்டாவுல வாங்கிக் குடிப்பீங்களா சார்?"

டிரிட்டியம் என்பது கதிர்வீச்சுள்ள ஹைட்ரஜன். தண்ணீரில் சேர்ந்தால் தண்ணீராகவே ஆகிவிடும். நிறமில்லை, வாசனையில்லை, வடிகட்டினாலும் நிற்காது. கழிவுநீரைத் தொட்டியில் பிடித்துவைத்து, அளந்து பார்த்து அனுப்பினால் பயமில்லை. தொட்டி எங்கள் வரைபடத்தில் இருந்தது. தரையில் இல்லை. திரும்பி வந்து இலை முன்னால் உட்கார்ந்ததும் அந்த அம்மா தொட்டியைப் பற்றித்தான் கேட்டார்.

"அதெல்லாம் ரெண்டாவது கட்டத்துல பாத்துக்கலாம்மா, மொதல்ல ஆர்டர வாங்கிக்குங்க" என்றார் துணைவேந்தர். அந்த அம்மா ரசம் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். உத்தரவை மட்டும் இலைக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டார்.

"தொட்டி கட்டுங்க சார், வர்றேன்."

அடுத்த வாரம் இன்னொருவரை வரவழைத்தார்கள். நல்ல மனிதர், விஷயமும் தெரிந்தவர். கட்டடத்தைப் புகழ்ந்தார், குடியிருக்க வீடு உண்டா என்றார், ஏசி எத்தனை என்றார். கடைசிவரை பின்பக்கம் போகவில்லை. அவர் வாயிலிருந்து அந்த ஒரு கேள்வி வந்துவிடாதா என்று நாற்காலி நுனியில் தவித்துக்கொண்டிருந்தேன்.

"என்ன, முடிச்சிடலாமா?" என்று துணைவேந்தர் என் காதில் கேட்டார்.

சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் ஆய்வகம் என் கையில். நாக்கில் அந்த மோரின் புளிப்பு வந்து நின்றது.

"வேணாம் சார்."

"லேப் வேணும்னு குதிச்சது நீங்கதானே?"

"இப்பவும் வேணும் சார். தொட்டியோட வேணும்."

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் கூப்பிட்டு, "தொட்டிக்குச் சொல்லிட்டேன். அந்தம்மா வராம லேப் கைய விட்டுப் போச்சுன்னா நீங்கதான் பதில் சொல்லணும்" என்றார்.

ஓடிப்போய்ப் போன் போட்டேன். "மேடம், நாளைக்கே தொட்டிக்குக் குழி வெட்டுறோம்."

சந்தோஷம் என்றுகூடச் சொல்லாமல் கேட்டார்:

"எவ்வளவு ஆழம்?"

சொன்னேன்.

"பத்தாது சார். நான் வர்றவரைக்கும் மண்வெட்டிய யாரும் தொடக்கூடாது. காத்திருங்க."

"காத்திருக்கோம் மேடம்" என்றேன். போனை வைத்ததும் இருப்புக் கொள்ளவில்லை. கட்டடத்துக்குப் பின்னால் போய், குழி வெட்டவேண்டிய வெற்றுத் தரையைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.