தவளைக்குக் கண்ணாடி போட்டவர்

பேசிக்கொண்டிருக்கும்போதே எதிரில் நிற்பவரின் மூக்கிலிருந்து கண்ணாடியைக் கழற்றிவிடுவார். அனுமதி கேட்பதெல்லாம் கிடையாது. சட்டைப் பையிலிருந்து ஒரு மஞ்சள் துணி வரும். வாயால் ஊதி, துடைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, திருப்தி இல்லாமல் இன்னொரு தடவை துடைத்து, மறுபடி நம் மூக்கிலேயே மாட்டி, காதுக்குப் பின்னால் விரலை விட்டுக் காம்பைக் கொஞ்சம் வளைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வார். அதுவரை நாம் எதுவும் தெரியாமல் அசடு வழிந்துகொண்டு நிற்க வேண்டும். வங்கி மேலாளரும் தப்பவில்லை, இவருக்கு ஊசி போட வந்த நர்ஸம்மாவும் தப்பவில்லை. அந்த அம்மா ஊசியைக் கையில் பிடித்தபடியே தலையைக் குனிந்து கொடுத்தாராம்.

மருந்துக் கடைக்கும் செருப்புக் கடைக்கும் நடுவில் ஒடுக்கமாக இருக்கிறது இவருடைய மூக்குக் கண்ணாடிக் கடை. இரண்டு பக்கச் சுவரிலும் ஃபிரேம்கள். கோடியில், பெரிய எழுத்தில் தொடங்கி எறும்பு எழுத்தில் முடியும் அட்டை. எல்லோருக்கும் இவர் கண்ணாடிக்காரர். எனக்கு இவர் எத்தனை வருடப் பழக்கம் என்றால், என் காதுகளில் ஒன்று மற்றதைவிடக் கொஞ்சம் தாழ்ந்திருக்கிறது என்பதை எனக்கே இவர்தான் சொன்னார். அதை என் முன்னால் காத்திருந்தவர்களிடமும் சொன்னார்.

தொழிலில் இவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஃபிரேமை மேஜை மேல் வைத்து வளைக்க மாட்டார். வாங்கியவருக்கு வேலை இருக்கிறது என்று வீட்டிலிருந்து வேறு யாரையாவது அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுவார்.

"மேஜை மேல வெச்சு வளைக்கிறதுக்கு இது என்ன கம்பியா சார்? மூக்கு வரணும், ரெண்டு காது வரணும். அப்புறம்தான் கண்ணாடி."

ஊரில் இவர் கைபடாத மூக்கு ஒன்றே ஒன்றுதான். அது இவருடைய மனைவியின் தம்பியுடையது. மைத்துனர் வாகன இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். படபடவென்று பேசுவார், எந்தப் பொருளைப் பார்த்தாலும் என்ன விலை போகும் என்றுதான் முதலில் யோசிப்பார். அவர் தன் கண்ணாடியை நகரத்தின் மறுகோடியில் இருக்கும் பெரிய குளிர்சாதனக் கடையில் வாங்குகிறார். அக்காள் புருஷன் கண்ணாடிக் கடை வைத்திருக்கும்போது! அது எப்போதும் மூக்கின் நுனிக்கு வழுக்கி வந்துவிடும். நிமிடத்துக்கு ஒரு தடவை மேலே தள்ளிக்கொள்வார். இவர் கை நீள்வதைப் பார்த்தால், ஒரு கையால் கண்ணாடியைப் பொத்திக்கொண்டு ஓரடி பின்னால் போய்விடுவார். அந்த வீட்டில் வெகுகாலமாக நடந்துவரும் பனிப்போர் இது.

இனி காருக்கு வருகிறேன். இவருக்கு மனைவி, மக்கள், கடை எல்லாவற்றோடும் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரும் இருக்கிறது. சிவப்பு, இரண்டே இருக்கை, தரையோடு தரையாக ஓடும். உள்ளே உட்காருவது வாளிக்குள் இறங்குவது மாதிரி. முன் விளக்குகள் பானெட்டுக்குள் மூடிக் கிடக்கும். சுவிட்சைத் திருகினால் இரண்டும் மேலே எழும்பி முழிக்கும். அதனால் அதற்குத் தவளை என்று பெயர். இடது கண் மட்டும் எப்போதும் கொஞ்சம் தாமதமாக எழும்பும். அதைச் சொன்னால் இவருக்குக் கோபம் வரும். தூங்கி எழுந்திருக்கிறவனுக்குக் கொஞ்சம் அவகாசம் கொடுக்க வேண்டாமா என்பார். பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது, குடும்பமாக வெளியே கிளம்பினால், எங்களுக்கெல்லாம் அக்காவான இவர் மனைவியும் பிள்ளைகளும் பஸ்ஸில் போவார்கள். இவர் காரில் பின்னாலேயே போவார். ஜன்னல் வழியாகப் பிள்ளைகள் கையாட்டுவார்களாம். இதை இவர் பெருமையாகச் சொல்வார், அக்கா வேறு மாதிரி சொல்வார்.

அந்த வண்டிக்குக் கண் மங்கிவிட்டது. விளக்குப் போட்டால் முன்னால் ஏதோ மஞ்சளாகத் தெரியும், அவ்வளவுதான். பிள்ளைகள் வெளியூர் போய், அக்காவுக்கு ஒரு வழியாக இரண்டாவது இருக்கை கிடைத்த காலம். ஒரு மழை நாளில், பொழுது சாய்ந்த நேரத்தில் இருவரும் திரும்பி வந்திருக்கிறார்கள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போன ஒருவர் தவளையின் மூக்குக்கு நேரே வந்த பிறகுதான் தெரிந்திருக்கிறார். பிரேக் பிடித்தது. அந்த மனிதர் திட்டிவிட்டு நடந்தார். வீட்டு வாசலில் இறங்கியதும் அக்கா, இனி இருட்டிய பிறகு இந்த வண்டியில் கால் வைக்கப்போவதில்லை என்று சொல்லிவிட்டார்.

கண்ணாடிக்காரர் அசரவில்லை. பார்வை மங்கினால் பவரைக் கூட்டு, இதுதானே இவர் தொழில்? சந்தையில் கிடைத்ததிலேயே அதிக வெளிச்சமான பல்புகளை வாங்கிப் பழைய விளக்குக்குள்ளேயே மாட்டிவிட்டார். சாலை வெள்ளையாகத் தெரிந்தது. எதிரே வந்தவர்களுக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை. பழைய விளக்கு அந்த வெளிச்சத்தை ஒழுங்காகச் சாலையில் இறக்காமல் மரத்திலும் மாடியிலும் மற்றவர் கண்ணிலும் வாரி இறைத்தது. லாரிக்காரர்கள் இவருடைய பரம்பரையையே விசாரித்தார்கள். வண்டிக்கான ஆண்டுச் சோதனைக்குப் போனபோது, இந்த விளக்கோடு வண்டி சாலைக்கு வரக்கூடாது என்று அதிகாரி சீட்டுக் கிழித்துக் கொடுத்துவிட்டார். இன்னொரு வாய்ப்பு உண்டு. அதிலும் தவறினால் அந்த வண்டியைச் சாலையில் ஓட்டும் உரிமையே போய்விடும்.

அக்கா அன்று சொன்னதை நான் என் காதால் கேட்டேன். "கடைக்கு வர்றவங்க பவரைக் கூட்டிக் கொடுங்கன்னு கேட்டா, தலைவலிதான் வரும்னு திட்டி அனுப்புறீங்க. சொந்த வண்டின்னதும் அதெல்லாம் மறந்துபோச்சா?"

மைத்துனருக்கு இது போதாதா? சாப்பாட்டு மேஜையில் வைத்தே பேச்சை ஆரம்பித்தார். பழைய கார்களைப் பிரித்து உதிரி பாகம் விற்கும் ஒருவரை அவருக்குத் தெரியுமாம். கதவு ஒருவருக்கு, சக்கரம் ஒருவருக்கு, எஞ்சின் ஒருவருக்கு என்று நல்லபடியாகப் போய்விடுமாம். ஏதோ மாட்டை அறுத்துப் பங்கு போடுகிற மாதிரி அவர் சொல்லிக்கொண்டே போக, கண்ணாடிக்காரருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"மாப்ள, இந்தத் தடவையும் பாஸாகலைன்னா சாவியை உன் கையில கொடுத்துடுறேன். உங்க அக்கா முன்னாடி சொல்றேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது இவருக்கு உறைத்ததாம். அக்கா தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். சொன்னது சொன்னதுதான்; வாக்குத் தவறும் ஆள் இல்லை இவர்.

அப்புறம்தான் முறையாக வேலையில் இறங்கினார். பழைய விளக்குகளை அடியோடு கழற்றி எறிந்தார். அதே அளவில், வெளிச்சத்தைக் கத்தரித்த மாதிரி கீழே மட்டும் இறக்கும் புது விளக்குகளை வரவழைத்தார். பழைய அமைப்பில், விளக்குக்குப் போகிற மின்சாரம் முழுவதும் மெல்லிய வயர்களில் டேஷ்போர்டு சுவிட்ச் வரை சுற்றிப் போய், களைத்துப்போய்த்தான் விளக்குக்கு வந்து சேரும். அடுத்த தெரு எலக்ட்ரீஷியனை உட்கார வைத்து, பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த வயர் இழுத்து, நடுவில் ரிலே வைத்தார். இனி சுவிட்ச் உத்தரவு மட்டும் போடும், ரிலே வேலையைச் செய்யும். கடையில் ஆள் இல்லாத நேரத்தில் புது விளக்கின் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து ஃபிரேம்களுக்கு நடுவே ஷோகேஸில் வைத்திருந்தார். ஒரு அம்மாள் அது எந்த மாதிரிப் பார்வைக் கோளாறுக்கு என்று விசாரித்தார்.

மிச்சம் இருந்தது விளக்கின் நோக்கைச் சரிசெய்வது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்பக்கக் கொட்டகையின் ஷட்டரை இறக்கி இருட்டாக்கிக்கொண்டு, எதிர்ச் சுவரில் கடையின் எழுத்து அட்டையையே மாட்டிவிட்டார். வெளிச்சத்தின் மேல் விளிம்பு எந்த வரியில் நிற்க வேண்டும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தார். அக்கா சுவரோரம் பென்சிலோடு நிற்க, இவர் காருக்கு முன்னால் மண்டியிட்டுத் திருகாணியை மயிரிழை மயிரிழையாகத் திருகினார். நான் வேடிக்கை பார்த்தேன். கடைசியில் இரண்டு விளக்கும் ஒரே வரியில், கோடு போட்ட மாதிரி நின்றன. இவர் எழுந்து, கையைத் தட்டிக்கொண்டு, வண்டியை வெளியே எடுக்க உள்ளே உட்கார்ந்தார்.

"என்னங்க, கோடு மேல ஏறிடுச்சு" என்றார் அக்கா.

இறங்கினார், கோடும் இறங்கியது. மறுபடி உட்கார்ந்தார், ஏறியது. அந்தக் காரில் இருக்கை பின் சக்கரத்தை ஒட்டி இருக்கிறது. ஆள் உட்கார்ந்தால் பின்பக்கம் அமுங்கும், மூக்கு நிமிரும், வெளிச்சம் எதிரே வருபவர் கண்ணுக்கே போகும். காலையிலிருந்து இவர் ஆளில்லாத வண்டிக்கு அளவு எடுத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அக்கா பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். "மூக்கே இல்லாத மூஞ்சிக்கு இவ்வளவு நேரம் கண்ணாடி மாட்டியிருக்கீங்க."

வாழ்நாள் முழுவதும் மற்றவர்களுக்குச் சொன்னதை இவருக்கு ஒருவர் திருப்பிச் சொன்ன நேரம் அது. தலையில் அடித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். இவர் சிரிக்க ஆரம்பித்தார். அக்காவும் சிரித்தார். பிறகு இருவரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள்.

"சார், நீங்களும் நானும் ஏறக்குறைய ஒரே எடைதான். கொஞ்சம் உள்ள உட்காருங்க."

இவருடைய தொந்தியைப் பார்த்தவர்களுக்குத்தான் இது எவ்வளவு பெரிய அவமானம் என்று புரியும். இருந்தாலும் இறங்கினேன். நான் வாளிக்குள் உட்கார்ந்திருக்க, இவர் மறுபடி முதலிலிருந்து திருகினார். கோடு வரி வரியாகக் கீழே வந்து, நிற்க வேண்டிய இடத்தில் வந்து நின்றது. அக்கா சுவரில் ஒரு அடையாளம் போட்டார். என்னை வெளியே எடுக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

சோதனை நாள் வந்தது. நானும் போனேன். வாசலிலேயே மைத்துனர் நின்றிருந்தார், பக்கத்தில் வண்டியை இழுத்துப் போகிற லாரி. அவசியம் இருக்காது, ஒரு முன்னேற்பாடுதான் என்று மூக்குக் கண்ணாடியைத் தள்ளிக்கொண்டே சொன்னார். அதிகாரியின் கண்ணாடியில் விரல் ரேகைகள் தூரத்திலிருந்தே தெரிந்தன. அக்கா அதைக் கவனித்தார். கணவரின் சட்டைப் பையிலிருந்து மஞ்சள் துணியை உருவித் தன் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டார்.

அந்த இடத்தில் ஒரு வழக்கம். வண்டியை உரிமையாளர் உள்ளே ஓட்டிப் போக மாட்டார், அங்கே வேலை பார்க்கிறவர்தான் ஏறி உட்காருவார். அன்றைக்குச் சாவிக்குக் கை நீட்டியவர் கண்ணாடிக்காரரைப் போல இரண்டு பங்கு இருந்தார். நல்ல மனிதர், நல்ல உடம்பு. அவர் உட்கார்ந்தால் தவளை வானத்தைப் பார்க்கும். கண்ணாடிக்காரரின் முகம் வெளுத்துவிட்டது. போன தடவை தவறு செய்தோம், இந்தத் தடவை எல்லாம் சரியாகச் செய்தும் போகப்போகிறதே என்றிருந்தது எனக்கு.

அக்காதான் முன்னால் வந்தார். "தம்பி, அது ரொம்பப் பழசு. அவர் கைக்குத்தான் கியர் விழும். வழியில நின்னுடுச்சுன்னா உங்களுக்குத்தான் கஷ்டம்."

இருட்டினால் அந்த வண்டியில் கால் வைக்கப்போவதில்லை என்று சொன்ன அதே அக்கா. சாவி கேட்ட அந்த ஊழியர் காரின் கதவையும் தன் வயிற்றையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பெருந்தன்மையாகத் தலையாட்டி விட்டுவிட்டார்.

கண்ணாடிக்காரர் உள்ளே போய் உட்கார்ந்து சுவிட்சைத் திருகினார். வலது கண் எழும்பியது. இடது கண் எழும்பவில்லை. அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். மைத்துனர் லாரிக்காரரைப் பார்த்தார். அப்புறம் சாவகாசமாக, சோம்பல் முறிப்பதுபோல, இடது கண்ணும் எழும்பி விழித்தது. அதிகாரி அளக்கும் பெட்டியை ஒரு விளக்குக்கு முன்னால் உருட்டி வந்து குனிந்து பார்த்தார். அடுத்த விளக்குக்குப் போனார். மறுபடி முதல் விளக்குக்கு வந்தார். அவர் சொன்னது இவ்வளவுதான்: புது வண்டிகளில்கூட இப்படி நேர்க்கோடு வருவதில்லை. முத்திரை விழுந்தது.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது, வெட்கப்படாமல் சொல்கிறேன். கண்ணாடிக்காரர் வண்டியை விட்டு இறங்கவில்லை. பட்டப்பகலில், உச்சி வெயிலில், இரண்டு கண்ணையும் விழித்தபடி, அந்த நீளமான கொட்டகையிலிருந்து ராஜா மாதிரி வாசலுக்கு ஓட்டிவந்தார். அக்கா ஓடிப்போய்ப் பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டார். இருட்டியதும் மலைப் பாதையில் ஒரு சுற்றுப் போய்வர வேண்டும் என்று அவர் கேட்டது எல்லோருக்கும் கேட்டது.

வாசலில் லாரி கிளம்பிப் போய்விட்டிருந்தது. மைத்துனர் மட்டும் நின்றிருந்தார். தவளை அவருக்கு நேரே வந்து நின்றது. புது விளக்குகளைக் குனிந்து பார்த்தார். அக்காவைப் பார்த்தார். கண்ணாடி வழுக்கி மூக்கு நுனிக்கு வந்தது. வழக்கம்போல் மேலே தள்ளிக்கொண்டார்.

கண்ணாடிக்காரர் இறங்கினார். பழக்க தோஷம், கை தானாக நீண்டது. பாதியில் நினைவு வந்து அப்படியே நின்றுவிட்டது. அக்கா கைப்பையின் ஜிப்பைத் திறந்து மஞ்சள் துணியை எடுத்து அந்தக் கையில் வைத்தார். மைத்துனர் பின்னால் போகவில்லை. கண்ணாடியைப் பொத்தப் போன கையைக் கீழே இறக்கிவிட்டு, மூக்கும் இரண்டு காதுமாக, முகத்தை முன்னால் நீட்டிக் கொடுத்தார்.